சோதனை ஆர்டர்

விளையாட்டு உடை கம்பெனி ஒன்றின் ஆன்லைன் கடைக்கான இணையதளத்தை தமயந்தி மூன்றாவது முறையாகப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆர்டர் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க, தன் பெயரையும் வீட்டு முகவரியையும் கொடுத்து ஓட்டப்பந்தய ஷூ ஒன்றை ஆர்டர் செய்தவள், அசதியில் அதை ரத்து செய்ய மறந்துவிட்டாள். பெட்டி வீட்டுக்கே வந்துவிட்டது.

"நீ எங்க ஓடப் போற?" என்று கணவன் சிரித்தான்.

போட்டுப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. லேஸை முடிச்சிடும்போது மேனேஜர் போனில் வந்தார்.

"அந்தக் கம்பெனி முதலாளிக்கு இந்த டிசைனும் பிடிக்கலையாம்மா. முதல்லேர்ந்து பண்ணணுமாம்."

"சரி சார்."

ஷூவைக் கழற்றாமலே லேப்டாப்பைத் திறந்தாள். மேசைக்கடியில் அவளுடைய இரண்டு குதிகால்களும் தரையை விட்டு எழும்பியிருந்தன.