ஐந்தே துண்டு

மயிலாப்பூர் வாசகசாலைத் திறப்பு விழாவுக்கு அடையாறிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை வருவதாக ஏற்பாடு. தலைவர் அருணகிரி முதலியார்தான் இங்கிலீஷில் வரவேற்புப் பத்திரம் வாசிக்க வேண்டும். அவருக்கோ ஜவுளிக்கடை பில்லைத் தாண்டி இங்கிலீஷ் வராது.

அச்சாபீஸில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் இனாயத் கைகொடுத்தார். வரி முடிவில் நீள வார்த்தையை எந்த இடத்தில் உடைப்பது என்பது அவருக்கு அத்துப்படி. பத்திரத்தைத் தமிழெழுத்தில் எழுதி, நடுநடுவே பென்சில் கோடு போட்டார்.

"பெருந்தன்மைக்கு இங்கிலீஷ்ல மேக்-ன-னி-மி-டி. அஞ்சே துண்டு, மொதலியாரே. நிதானமா சொல்லுங்க."

பத்து நாள் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் முதலியார் வாயில் அந்த ஐந்து துண்டுதான் உருண்டது. விழாவன்று காலையிலும் பயம் போகவில்லை.

"தப்பா சொன்னா துரை சிரிச்சுடுவாரு பாய்! என் மானம் கப்பலேறிடும்!"

"சிரிக்க மாட்டாரு. அதுக்கு நான் ஜவாப்தாரி."

முதலியார் பிசிறில்லாமல் வாசித்து முடித்தார். துரை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சபை கைதட்டியது.

துரை பதில் சொல்ல எழுந்தார். பக்கத்து நாற்காலியிலிருந்த முதலியார் அவர் கையிலிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தார். வார்த்தைக்கு வார்த்தை அதே பென்சில் கோடு!

பின்னால் நின்ற இனாயத் காதருகே குனிந்தார். "ஹங்கேரிக்காரரு. இங்கிலீஷ் சுத்தமா தெரியாது. நேத்து அவருக்கும் நான்தான் கோடு போட்டுக் குடுத்தேன்."

"மேக்... ன..." துரை திணறி நின்றார்.

முதலியார் மீசையைத் தடவிக்கொண்டு, "னி-மி-டி" என்று எடுத்துக் கொடுத்தார்.