பக்கத்து நாற்காலி

சாருலதா உள்ளே நுழைந்ததும் கணவர் மகாதேவன் குரலை உயர்த்தினார்.

“மூணு வாரமா பார்க்கறேன். சனிக்கிழமை நான் அஸ்ட்ரானமி கிளப்லேர்ந்து வரச்சே நீ ஆத்துல இல்லை. எங்கே போறே?”

“இன்னிக்கு கிளப்ல என்ன பார்த்தேள்?”

“டெலஸ்கோப்ல சனி வளையம் பார்த்தேன். ரெண்டு வருஷத்துல இவ்வளவு தெளிவாத் தெரிஞ்சதே இல்லை. பேச்சை மாத்தாதே! யாரோட சுத்தறே?”

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“கிளப்ல சேர்ந்தா நாலு நல்ல மனுஷா பழக்கம் கிடைக்கும்னு நீங்கதானே சொல்லுவேள்? உங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு நானும் அங்கேயே சேர்ந்துட்டேன்.”

அவள் கைப்பையிலிருந்து கிளப் உறுப்பினர் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“மூணு வாரமா பக்கத்து நாற்காலியை உங்களுக்காகப் பிடிச்சு வெக்கறேன். காலியாவே இருக்கு.”