லொரெட்டா தவறவிட்ட செய்தி

“இன்னிக்கும் ‘இழுபறி நீடிக்கிறது’தானா, லொரெட்டா? தேதியை மட்டும் மாத்தி நேத்து பேப்பரையே அடிச்சுடலாமே!”

கணினித் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் இருந்த நிருபர்கள் சிரித்தார்கள். கேட்ட ஆசிரியர் கஸ் சிரிக்கவில்லை.

லொரெட்டா ஒஹாயோ மாநில நாளிதழ் ஒன்றின் வாஷிங்டன் நிருபர். நாடாளுமன்றத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத காவலாளி கிடையாது.

கொரோனா நிவாரண மசோதா மாதக்கணக்கில் நகராமல் கிடந்தது. டெமாக்ரட்டுகள் கேட்பது கொள்ளை என்றார்கள் ரிபப்ளிகன்கள். அவர்கள் கொடுப்பது பிச்சை என்றார்கள் இவர்கள். எந்த டிவியைத் திருப்பினாலும் இதே சண்டை. ஊரில் ஓட்டல்கள் பூட்டிக் கிடந்தன. இலவச உணவுப் பெட்டி வாங்க, கண்ணுக்கு எட்டின தூரம் கார்கள் நின்றன.

“ட்ரெவரைப் பாரு. நேத்து வேலைக்குச் சேர்ந்த பையன். பிரான்னிகனும் ராஸ்முசனும் படிக்கட்டுல நின்னு கத்தினதைப் படம் பிடிச்சுப் போட்டான். நாடே பார்த்துச்சு!”

நாடு பார்த்தது உண்மைதான். ரிபப்ளிகன் எம்.பி. கிளைட் ராஸ்முசன், “அந்த அம்மா இருக்கிற ரூமுக்குள்ள நான் காலே வைக்க மாட்டேன்” என்றார். டெமாக்ரட் எம்.பி. அடீல் பிரான்னிகன் விடவில்லை. “நல்லது. அவர் வந்துட்டுப் போனா ரூமையே மருந்து தெளிச்சுக் கழுவணும்” என்றார்.

“லொரெட்டா, நீ பிரான்னிகன் வீட்டுக்கே போ. ராஸ்முசனைப் பத்திக் கேளு. அவங்க ஏதாவது திட்டுவாங்க.”

“அப்புறம்?”

“அதை அவர்கிட்டப் போய்ச் சொல்லு. அவரும் திட்டுவார்.”

“மசோதா?”

“அது அவங்க கவலை. நமக்குச் செய்தி வேணும்.”

லொரெட்டா போனார். திரும்பி வந்து அனுப்பியது வேறு கட்டுரை. ஒஹாயோவின் டொலீடோ நகரில் ஓட்டல் மூடி வேலையிழந்த ஒரு சமையல்காரர், உணவுப் பெட்டிக்காகக் காரில் காத்திருந்ததைப் பற்றியது.

கஸ் தலையில் அடித்துக்கொண்டார். “திட்டு எங்கே?”

“திட்டலை, கஸ்.”

“பிரான்னிகன் திட்டலையா? யார் காதுல பூ சுத்தறே?”

கட்டுரை உள்பக்கத்தில் ஒரு மூலையில் வந்தது.

டிசம்பரில் ஒரு காலை, போட்டி டிவி ஒன்று குண்டு போட்டது. பிரான்னிகனும் ராஸ்முசனும் யாருக்கும் தெரியாமல் பேசிப் பேசி ஒரு சமரச மசோதாவைத் தயாரித்துவிட்டார்கள். இரண்டு கட்சியிலும் போதுமான பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. இனிக் கட்சித் தலைவர்கள் நினைத்தாலும் தடுக்க முடியாது.

கஸ் கொதித்துப்போனார்.

“இத்தனை வருஷமா அங்கேயே கிடக்கிறே! உன் மூக்குக்குக் கீழே நடந்திருக்கு, மோப்பம் பிடிக்கத் தெரியலை! டிவிக்காரன் சிரிக்கிறான்!”

“சரி, கஸ்.”

“என்ன சரி? நாளையிலேர்ந்து வாஷிங்டன் ட்ரெவருக்கு. நீ ஊருக்கு வந்து பள்ளிக்கூடச் செய்திகளைப் பாரு.”

லொரெட்டாவின் முகம் ஒரு கணம் வாடியது. கட்டம் இருண்டது.

மசோதா சட்டமானது. கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் கஸ்ஸுக்கு ஒரு போன்.

“நான் அடீல் பிரான்னிகன் பேசறேன். லொரெட்டா இருக்காங்களா?”

“அவங்க இப்ப அரசியல் பார்க்கிறதில்லை, மேடம். உங்க சமரசத்தைக் கோட்டை விட்டுட்டாங்க. என்ன வேணும்னாலும் ட்ரெவர்கிட்டச் சொல்லலாம்.”



“கோட்டை விட்டாங்களா? அப்படின்னு அவங்களா சொன்னாங்க?”

“அவங்க சொல்ல என்ன இருக்கு? அதான் ஊருக்கே தெரியுமே.”

“சட்டம் வர்ற வரைக்கும் நான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன். இப்ப சொல்லலாம்னு கிளைட்டும் சொல்லிட்டார். கேளுங்க. படிக்கட்டுச் சண்டை நடந்த அதே வாரம் அவர் என் வீட்டுக்கு வந்தார். கார் ஷெட்டுல ரெண்டு மடக்கு நாற்காலி போட்டு எழுதிட்டிருந்தோம். காத்துக்காக ஷட்டரைப் பாதி தூக்கி வெச்சிருந்தோம். குனிஞ்சு எட்டிப் பார்த்தாங்க, உங்க லொரெட்டா.”

கஸ் நாற்காலியில் நிமிர்ந்தார். “பார்த்தாங்களா?”

“நேருக்கு நேர். கிளைட் கையில என் வீட்டு சூப். அது மட்டும் மறுநாள் பேப்பர்ல வந்திருந்தா, அவர் கட்சி அவரை உயிரோட விட்டிருக்காது. என் கட்சி என்னை விட்டிருக்காது. மசோதா அன்னிக்கே செத்திருக்கும். எங்களுக்கு எழுதாதீங்கன்னு கெஞ்சக் கூடத் தோணலை.”

“அவங்க... என்ன கேட்டாங்க?”

“ஒண்ணும் கேட்கலை. ‘ரோட்டிலேர்ந்து பார்த்தா தெரியுது’ன்னாங்க. அப்புறம், காத்து வர ஒரு சாண் மட்டும் விட்டுட்டு, அவங்க கையாலேயே ஷட்டரை இழுத்து இறக்கிட்டுப் போயிட்டாங்க.”