முதலில் சொன்னது யார்?

“மூணு வருஷம் போதுமாம் டோரீன். அதுக்கு மேல அந்த மாத்திரை வேலையே செய்யாதாம். டாக்டர் சுதீரே சொல்லிட்டாரு” என்றாள் அக்கா பியாட்ரிஸ், பரிசுச் சீட்டு விழுந்தவள் மாதிரி.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து அக்கா தினமும் விழுங்குவது ஹார்மோனை அடக்கும் மாத்திரை. அதைத் தொட்டதிலிருந்து மூட்டுக்கு மூட்டு வலி. பெங்களூர் நீலசந்திராவில் அவள் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தின் மாடிப்படி ஏறுவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. அடுத்த வாரத்தோடு மூன்று வருஷம் முடிகிறது, நிறுத்தப்போகிறாள். சந்தோஷப்படாமல் என்ன செய்வாள் பாவம்.

தங்கை டோரீனுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அவள் ஹார்மோன் ஆராய்ச்சிக்காரிதான். ஆனால் அவள் மண்டையை உடைத்துக்கொள்வது தைராய்டோடு. மார்பகப் புற்றுநோய்ப் பக்கம் எட்டிப் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. மாத்திரையை நிறுத்தி, நோய் திரும்பி வந்துவிட்டால்? இந்த மூன்று வருஷக் கணக்கை முதலில் சொன்னது யார்? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்குச் சோறு இறங்காது போலிருந்தது.

டாக்டரைக் கேட்டாள். அவர் மறுக்காமல் ஒரு கட்டுரையை அனுப்பினார். அது ஆதாரமாக வேறொரு கட்டுரையைக் காட்டியது. அதைத் தேடிப் பிடித்தால், அது இன்னொன்றைக் காட்டியது. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் நம்ம பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் அடுத்த பிளாட்பாரத்துக்குக் கை காட்டுவார்களே, அந்தக் கதைதான். லேப் எலிகளிடம் கண்ட கணக்கை மனுஷக் கணக்காக்கி மூன்று வருஷம் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் அந்த எலிகளைத் தானே பார்த்ததாக ஒருவரும் எழுதவில்லை. கடைசியில் எல்லாக் கைகளும் ஒரே பழைய கட்டுரையைக் காட்டின. எழுதியவர் பேராசிரியர் தனக்கோடி.

டோரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலேஜ் படிக்கும்போது ஒரு கோடை லீவில் வேலை பழகப் போனது அவருடைய லேபுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு ஜோகுபாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனாள். பார்த்ததும் சார் பெயர் சொல்லி வரவேற்றார், தன் கையாலேயே காபி போட்டுக் கொடுத்தார். ரிட்டயர் ஆகியும் தன் கட்டுரைக்கு இன்றைக்கு எத்தனை சைட்டேஷன் ஏறியிருக்கிறது என்று காலையில் பார்த்துவிட்டுத்தான் பேப்பரையே பிரிக்கிறாராம். உலகம் பூராவும் அதை ஆதாரம் காட்டி எழுதுகிறார்கள் என்று காபி ஆறும்வரை சொன்னார்.

டோரீன் மெல்ல அந்தக் கட்டுரையை எடுத்து நீட்டினாள். மாத்திரை ஒரு கட்டத்துக்கு மேல் கட்டியைச் சுருக்காது என்பதற்கு அதில் இருந்த ஆதாரம் ஒரே வரி: ‘எங்கள் லேபில் எலிகளிடம் கண்டது, இன்னும் வெளியிடாதது.’ அந்த எலிகளின் விவரம் வேண்டும், அக்கா உயிர் விஷயம் என்றாள்.

“எலியை நான் எங்கேம்மா பார்த்தேன்? லேப் மீட்டிங்குக்கு அன்னைக்கு லேட்டா வந்தேன். போர்டுல கட்டியோட அளவைக் கோடா போட்டிருந்துச்சு. சர்ருன்னு இறங்கி, அப்புறம் அப்படியே படுத்துக்கிச்சு. அருமையான ரிசல்ட். அப்பவே குறிச்சுக்கிட்டேன்.”

“அந்தக் கோட்டைப் போட்டது யாரு சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“நீதானேம்மா. மறுநாளே லீவு முடிஞ்சு கிளம்பிட்ட.”

டோரீன் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். சீனியர் ஒருவர் சாக்பீஸைக் கையில் திணித்து, ரிசல்ட் எப்படி வரும்னு நினைக்கிற, சும்மா வரைஞ்சு காட்டு என்று சொன்னது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

கைப்பைக்குள் போன் அடித்தது. அக்காதான். யார் சொன்னதென்று கண்டுபிடித்தாயா, நிறுத்திவிடட்டுமா என்று ஆசையாகக் கேட்டாள்.

“நிறுத்தாதக்கா” என்றாள் டோரீன். “சொன்னது நான்தான். அப்ப இன்னும் எலியே வாங்கல.”