ஹெலனின் முதல் நோயாளி

“வாயைத் திறங்கம்மா. பேசக்கூடாது.”

ஜன்னலோரக் கட்டிலில் கண்ணயர்ந்திருந்த பெண் திடுக்கிட்டு எழ முயன்றார். “பாப்பா, நான்...” என்பதற்குள் தெர்மாமீட்டர் நாக்கின் அடியில் நுழைந்துவிட்டது.

“ஹலீமா பீ நீங்கதானே? ஒரு வாரமா காய்ச்சல்?” கட்டிலில் தொங்கிய அட்டையை வாசித்தாள் ஹெலன்.

அந்தப் பெண் தலையைப் பலமாக அசைத்தார்.

“ஆட்டாதீங்கம்மா, விழுந்துடும்.”

செவிலியர் கல்லூரி மாணவியான ஹெலனுக்கு வார்டுப் பயிற்சி தொடங்கியதிலிருந்து சோறு இறங்கவில்லை. நேற்று, ஒரு நோயாளியைத் துடைத்துவிடக் கொண்டுபோன வெந்நீரை ஆசிரியை சவுரியம்மாளின் செருப்பில் ஊற்றியிருந்தாள். இன்றும் தவறினால் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவர் அமைதியாகச் சொல்லியிருந்தார். சவுரியம்மாள் கத்தினால் தாங்கிக்கொள்ளலாம்; அமைதியாகப் பேசினால்தான் பயம்.

தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள். “காய்ச்சல் சுத்தமா விட்டுடுச்சும்மா!”

“அதில்ல பாப்பா, இன்னா விஷயம்னா...”

“ப்ளீஸ்மா, மேடம் வந்துடுவாங்க. அதுக்குள்ள உங்களைத் துடைச்சிவுட்டு, தலை பின்னி வெக்கணும். இன்னிக்கும் சொதப்பினா நான் ஃபெயில்.” அவள் கையிலிருந்த கிண்ணத்தில் தண்ணீர் தானாக அலையடித்தது.

அந்தப் பெண் கிண்ணத்தைப் பார்த்தார். கலங்கிய கண்களைப் பார்த்தார். பிறகு கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டார்.

“சரி, செய்ம்மா. முதல்ல கிண்ணத்தைக் கீழ வெச்சிடு.”

ஹெலன் திரையை இழுத்துவிட்டு முகம், கை, முதுகு எனத் துடைத்துக்கொண்டே வந்தாள். “கால்ல இன்னாம்மா இவ்ளோ வெடிப்பு?”

“ஷூ கம்பெனில நாள் பூரா நின்னுக்கினே வேலை. வீட்டுக்குப் போனா அங்கயும் நின்னுக்கினே வேலை. ஆங், அங்கதான்! இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்.”

கடைசிப் பின்னலை முடியும்போது சவுரியம்மாள் வந்தார். விரிப்பின் மடிப்பை ஆராய்ந்தார், நகங்களை ஆராய்ந்தார், குறை எதுவும் அகப்படாததில் சற்று ஏமாந்தவராக, “இப்ப எப்படியிருக்கும்மா?” என்று கேட்டார்.

“கல்யாணம் ஆனதுலேருந்து இவ்ளோ சொகமா படுத்ததில்ல மேடம்.”

“பரவாயில்லை ஹெலன், தேறிட்டே” என்று சொல்லிவிட்டு அவர் வார்டைவிட்டு வெளியேறினார்.

ஹெலன் நிம்மதியாகக் கிண்ணத்தைக் கையிலெடுத்தாள். அப்போது சால்வை போர்த்திய ஒரு பெண்ணைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்து, அதே கட்டிலருகே நிறுத்தினார்கள்.

“நல்லா இருக்குதுடி ஃபரீதா! என்னைப் பாத்துக்க வந்த நாத்தனா நீ. நான் ஸ்கேனுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள என் கட்டில்லயே படுத்துட்டியா?”

ஃபரீதா உதட்டில் விரலை வைத்தார். “மெதுவா பேசுங்க பாபி. பொண்ணு இப்பதான் பாஸாச்சு.”