நுரை வராத சோப்பு

பழைய சுரங்கத்தை மூடி வெகுகாலம் ஆகிறது; உள்ளே யாரும் இறங்குவதில்லை. அதில் ஊறும் தண்ணீர் பக்கத்துப் புதுச் சுரங்கத்துக்குள் கசியாமலிருக்க, மோட்டார் வைத்து இறைத்துத் தொட்டியில் தேக்கி, வயல் வாய்க்காலில் விடுவார்கள். பகலெல்லாம் தெளிவாக வரும் தண்ணீர், சில நாட்களாக, புதுச் சுரங்கத்தில் வேலை முடியும் மாலைச் சங்கு ஊதியதும் சோப்பு நுரையோடு வந்தது.

“கீழ யாரு குளிக்கிறாங்க?” என்றாள் தண்ணீரைச் சோதிக்கும் லேப் அக்கா.

“வேலை முடிஞ்சா குளிக்க மாட்டாங்களா?” என்று சிரித்தார் மோட்டார்க்காரர்.

நுரை கலந்தால் வயல்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். மடையை அடைத்தாயிற்று, தொட்டியோ நிரம்பி வழியப் பார்த்தது. அக்கா நுரை வராத சோப்பு ஒன்றை வாங்கிவந்தாள். ஒரு குடும்பமே மாதக்கணக்கில் தேய்க்கக்கூடிய பெரிய கட்டி. உறையோடு பழைய சுரங்கத்தின் காற்றுக்குழிக்குள் போட்டாள்.

“அண்ணே, இதைப் போட்டுக் குளிங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

மறுநாள் சங்கு ஊதியும் தண்ணீர் கண்ணாடிபோல வந்தது. மோட்டார்க்காரர் சீட்டியடித்தபடி மடையைத் திறந்தார். மோட்டார்க் குழாயின் வடிகட்டியைக் கழுவப் போன அக்கா, அதில் அந்த உறை ஒழுங்காக மடித்துக் கிடப்பதைக் கண்டாள். பிரித்தாள். உள்ளே நகத்தளவு சோப்பு மிஞ்சியிருந்தது.

மோட்டார்க்காரர் எட்டிப் பார்த்தார்.

“ஒண்ணு பத்தல போலிருக்கே, அக்கா.”