மூன்றாம் நம்பர் பூச்சு

மார்ச் மூன்று, காலை பத்து மணி, படப்பிடிப்புத் தளத்தின் ஒப்பனை அறை. பத்தொன்பது ஆண்டுகளாக ஓடும் தொடரின் டாக்டர் வேடத்துக்கு நான்காவது நடிகையைத் தேடுகிறார்கள். கண்ணாடியைச் சுற்றி எரியும் விளக்குகளின் சூட்டில் கறுப்பு நிறப் பெண்ணொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். இந்த வருடம் இது அவளுக்கு எட்டாவது நடிப்புத் தேர்வு. முகம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது; கழுத்து மட்டும் அவளுடையது. "இது என் நிறமே இல்லண்ணா." "டாக்டருக்கு மூணாம் நம்பர் பூச்சுதாம்மா, நோட்டுல இருக்கு," என்கிறார் ஒப்பனைக்காரர், பஞ்சை நிறுத்தாமல். அவள் நடித்துக் காட்டிவிட்டுத் திரும்பியதும், வாசலில் இயக்குநர் கொட்டாவியை மென்று விழுங்குகிறார். "நல்லாத்தாம்மா நடிச்ச. ஆனா ஜனங்க ஒரு முகத்துக்குப் பழகிட்டாங்க." "முகம்தான் ஏற்கெனவே ரெண்டு தடவை மாறிடுச்சே சார்?" அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அவள் ஈரத் துணியால் முகத்தைத் துடைக்கிறாள், துணி வெளுக்கிறது. மாலையில் அதே தொடரில் அவளுக்கு வேலை கிடைக்கிறது: டாக்டருக்கு நர்ஸ்.